கண்ணகி நகரும் கம்பெனிகளின் உபகாரமும்

கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் கடலோரக் குப்பங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த சென்னை நகரத்து ஏழை ஜனங்களை, 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிப் படிப்படியாகப் பெயர்த்தெடுத்து, ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகரிலும், அப்பால் செம்மஞ்சேரியிலும், பின்னர் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களிலும் அரசாங்கம் குடியமர்த்திய காலமும், அதே பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கிலும் தகவல் தொழில்நுட்பக் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் எழுந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. பிழைப்பை இழந்து வந்தவர்களும், ஆயிரக்கணக்கான உத்தியோகங்களைக் கொண்டுவந்தவர்களும் இவ்விதம் அண்டை அயலாரானார்கள். அந்த அயல்வாசத்தின் பயனாக அங்கே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது: கம்பெனி பணம் கொடுக்கும், தொண்டு ஸ்தாபனம் வகுப்பு நடத்தும், அரசாங்கம் கொடுத்த வீட்டில் குடியிருப்பவர் தையலோ, டேலி என்னும் கணினிக் கணக்கு முறையோ, அழகுக்கலையோ கற்றுக்கொள்வார். இந்த வழக்கத்தின் குணதோஷங்களைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குப் பின்னால் சட்டத்தின் தூண்டுதல் உண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உடைய கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டுமென்று விதித்தது. வேலைக்கு உதவும் தொழிற்பயிற்சி அப்பணிகளுள் ஒன்று. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை அளிக்கவும் சட்டம் சொல்கிறது. சோழிங்கநல்லூரிலும் துரைப்பாக்கத்திலும் இயங்கும் கம்பெனிக்குக் கண்ணகி நகரைவிட அண்மையான வட்டாரம் வேறேது?

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. அரசாங்கப் பயிற்சி நிலையம் ஒன்று அனுமதியும் கட்டடமும் பெற்றுத் திறக்கப்படுவதற்குள், கம்பெனிப் பணத்தில் பழுதில்லாத கணினிகளும் தையல் இயந்திரங்களும் வந்து இறங்கி, இரண்டு மூன்று பேட்ச் படித்து முடித்துவிடுகிறது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பையனுக்கும், பஸ் ஏறி வெளியே செல்ல வீட்டார் இசையாத பெண்ணுக்கும், நடந்து போகும் தூரத்தில் காசில்லாமல் கிடைக்கும் கல்வி அற்பமான விஷயமன்று. நேர்முகத் தேர்வில் தலைநிமிர்ந்து நாலு வார்த்தை ஆங்கிலம் பேசக் கற்ற பிள்ளைகள் கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் நோயை அறிந்துதான் மருந்து கொடுக்கப்படுகிறதா என்று கேட்டால், அங்கேதான் எனக்குச் சந்தேகம் எழுகிறது. கண்ணகி நகருக்கு வந்தவர்கள் தொழில் தெரியாதவர்களாக வரவில்லை. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் நாலு வீட்டில் சமைத்துப் பாத்திரம் துலக்கி மாதச் சம்பளம் வாங்கியவர்கள், கோயில் வாசலில் பூக்கட்டி விற்றவர்கள், கடைத்தெருவில் மூட்டை தூக்கியவர்கள், கொத்தனார்கள், மீன் விற்றவர்கள்: இவர்களெல்லோரும் கைவசம் ஒரு தொழிலோடுதான் லாரி ஏறினார்கள். ஊர் விட்டு வெகுதூரம் வந்ததும் அவர்கள் இழந்தது திறமையை அன்று. வாடிக்கையை, முகப் பழக்கத்தை, “நம்ம வீட்டுக்கு வருகிற பொண்ணுதான்” என்று ஜாமீன் சொல்லக்கூடிய எஜமானியம்மாளை. அந்த நஷ்டத்துக்குத் ‘திறன் குறைவு’ என்று நாமகரணம் செய்து, நூறு சொச்சம் மணி நேர வகுப்பைப் பரிகாரமாக வைத்தது அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் ஒருங்கே சௌகரியமாக அமைந்துவிட்டது.

தையல் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கு வகுப்பு. பெயர்ப்பட்டியலில் முப்பது பேர். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவள் பாதியில் எழுந்துபோவாள்; தண்ணீர் வரும் நாளில் பாதிப்பேர் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். எப்படியோ பயிற்சி முடிந்து, கம்பெனியின் பெயர் பொறித்த பானருக்குக் கீழே சான்றிதழோடு எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தப் போட்டோ ஆண்டறிக்கைக்குப் போகும். பிறகு என்ன? ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை வரை ஆளைக் கேட்கிறது. குழந்தையை யாரிடம் விட்டுப் போவது? வீட்டிலேயே ரவிக்கை தைக்கலாமென்றால், ஒரே பிளாக்கில் பத்துப் பேர் அதே வகுப்பில் படித்தவர்கள். தைக்கக் கொடுக்க வேண்டிய அண்டை வீட்டாளும் அவர்களுள் ஒருத்தி! செலவழித்த தொகையைக் கேட்கும் சட்டம், ஓராண்டு கழிந்தபின் எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. பலனை ஆராயும் கட்டாயம், பெரிய கம்பெனிகளின் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்கு மட்டுமே உண்டு. சமுதாயக் கூடத்துத் தையல் வகுப்புக்கு ஒரு கோடி ஆவதில்லை.

இதனினும் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்பது அங்குள்ள இளைஞர் வெகுகாலமாகச் சொல்லிவரும் முறையீடு. உறவினர் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்து வேலை தேடுகிறவர்களும் உண்டு. எந்தச் சான்றிதழாலும் அழிக்க முடியாத இந்தக் களங்கத்தை அழிக்கத்தக்க சக்தி ஒருவரிடமே இருக்கிறது. அவர் வேலை கொடுப்பவர். ஆனால் பழைய மாமல்லபுரம் சாலைக் கம்பெனிகளின் வாயிலுக்குள் இக்குடியிருப்பு மக்கள் பெரும்பாலும் நுழைவது, கான்ட்ராக்டர் மூலமாக, ஹவுஸ்கீப்பிங் உடையிலும் செக்யூரிட்டி உடையிலுமே. டேலி கற்பிக்கப் பணம் கொடுத்த கம்பெனியின் கணக்குப் பிரிவில் அந்த வகுப்பில் படித்த பெண் உட்கார்ந்திருப்பது அபூர்வம்.

கம்பெனிகளின் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது: தன் ஊழியருக்கு மட்டும் பயன்படும் செலவும், வழக்கமான வியாபாரத்தைச் சேர்ந்த செலவும் இந்த 2 சதவீதத்தில் சேராதென்று விதிகள் விலக்குகின்றன. வாஸ்தவம். ஆயினும், கணக்கில் சேராது என்பதற்காக வேலை கொடுக்கலாகாது என்று எந்த விதியும் தடுக்கவில்லையே!

1998-இல் அமெரிக்காவில் அரசாங்க வீடுகளில் குடியிருப்போருக்காக ஆறு நகரங்களில் தொடங்கப்பட்ட ‘ஜாப்ஸ்-பிளஸ்’ என்னும் பரிசோதனைத் திட்டம் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. அங்கே வாடகை குடும்ப வருமானத்தில் 30 சதவீதம் என்பதால் சம்பளம் ஏறினால் வாடகையும் ஏறும். ஆகவே வேலைக்கான உதவியோடு வாடகைச் சலுகையும், அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் வேலைச் சேதி சொல்லும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டன. மூன்றையும் முழுமையாக நிறைவேற்றிய டேட்டன், லாஸ் ஏஞ்சலிஸ், செயின்ட் பால் நகரங்களில் குடியிருப்போரின் சம்பாத்தியம் உயர்ந்தது. குறையாக நிறைவேற்றிய இடங்களில் அந்தப் பலன் காணப்படவில்லை. நமக்கு வாடகைச் சிக்கல் அவ்வாறில்லை. குழந்தைக் காப்பகமும், பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகையும், முகவரியைக் கேட்டு முகம் திருப்பாத ஒரு கதவும்தான் இங்கே வேண்டியவை.

ஆகவே வகுப்புகளை நிறுத்த வேண்டுமென்று நான் சொல்லவில்லை. கதவில்லாத வகுப்பு பாதிக் காரியமே என்கிறேன். அந்தச் சாலையிலுள்ள கம்பெனிகளின் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த ஆண்டறிக்கையில், பயிற்சிக்குச் செலவிட்ட ரூபாய்க் கணக்குக்குப் பக்கத்திலேயே, அப்படிப் பயின்றவர்களில் உங்கள் சொந்தச் சம்பளப் பட்டியலில், கான்ட்ராக்டர் பட்டியலில் அல்ல, எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணையும் அச்சிடுங்கள்.