சித்திரம் பேசும், சீட்டு பேசாது!

மேல்நாட்டு ஆரூடமான டாரட் சீட்டை முதன்முறையாகப் பார்த்தோம். 78 சீட்டுகளைக் கலைத்து, மூன்றை எடுக்கச் சொன்னார் குறி சொல்பவர். "உள்ளத்தில் ஓர் ஏக்கம், விரைவில் ஒரு மாற்றம்" என்றார். ஏக்கமில்லா உள்ளம் ஏது? மாற்றமில்லா வாழ்வு எவருக்கு?

எகிப்தின் பழம்பெரும் ஞானமாம் இது! 1781-இல் பிரெஞ்சு நாட்டவர் ஒருவர் கட்டிவிட்ட கதை. எகிப்திய எழுத்தின் புதிரை ஷாம்போலியன் அவிழ்த்ததோ 1822-இல்! உண்மையில் இவை, 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் பொழுதுபோக்க ஆடிய சீட்டுகள்.

எனினும், சித்திரங்கள் அழகு, மறுக்கமாட்டோம். 1909-இல் லண்டனில் வெளிவந்த இச்சீட்டுகளைத் தீட்டியவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணி. அவர் பெற்றதோ சொற்பக் கூலி! நெடுங்காலம் சீட்டு தாங்கிய பெயரோ, பதிப்பாளர் ரைடருடையது. தீட்டச் சொன்ன வெயிட்டுடையது!

தீட்டிய கையின் வறுமையைத் தீர்க்காத சீட்டா, தொட்ட கையின் விதியை மாற்றும்? ஓவியத்தைப் போற்றுவோம், ஆரூடத்தை அகற்றுவோம்!