நேராக மாட்டிய படங்கள்

போன மாதம் காரைக்குடிப் பக்கம் புதுப்பித்து விடுதியாக்கிய ஒரு செட்டிநாட்டு வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். பேர் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல், தேக்குத் தூண் எல்லாமே கண்ணியமான வேலை. பட்டாலையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் ஏதோ உறுத்தியது. நிலைக்கு மேலே வரிசையாகக் குடும்பப் படங்கள், நடுநடுவே ரவிவர்மா அச்சுப் படங்கள். ஒன்றில்கூட முகம் தெரியவில்லை. கண்ணாடிதான் தெரிந்தது.

கிட்டப் போனதும் விஷயம் புரிந்தது. படங்கள் பழைய உயரத்திலேயே இருக்கின்றன, ஆனால் சுவரோடு சுவராக ஒட்டி, துல்லியமாக நேராக. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ரீப்பர் அடித்திருந்த தழும்பு, புதுப் பூச்சையும் மீறி லேசாகத் தெரிந்தது. பொறுப்பாளரிடம் கேட்டேன். "சாஞ்சு இருந்தா பழசாத் தெரியுதுன்னு நேராக்கச் சொன்னாங்க சார்" என்றார். பழமைக்கென்றே வாடகை வாங்கும் வீட்டில் இப்படி ஒரு பதில்!

ரசனைக் குறைவு என்று இதை விட்டுவிட மனசில்லை. இது வாசிப்புப் பிழை. அந்தச் சாய்வு எதற்காக என்று யாரும் யோசிக்கவில்லை.

நம் பழைய வீடுகளில் படம் மாட்டிய முறையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கீழ்ச்சட்டம் ஒரு ரீப்பர்மேலோ இரண்டு பெரிய ஆணிமேலோ உட்கார்ந்திருக்கும். எடை முழுக்க அங்கே இறங்கிவிடும். மேலே ஒரு கயிறோ கம்பியோ சுவரில் உள்ள ஆணிக்குப் போகும். அதன் வேலை படம் முன்னால் கவிழாமல் பிடிப்பது மட்டும்தான். கயிற்றை நீட்டினால் சாய்வு கூடும், சுருக்கினால் குறையும். அதாவது சாய்வை வீட்டுக்காரரே வைத்துக்கொள்ளலாம். எங்கள் துறையில் இதை செட்டிங் என்போம். புதுப்பித்தவர்கள் அந்த செட்டிங்கைப் பூஜ்யத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

யாருக்காக அந்த சாய்வு? தரையில் உட்கார்ந்திருப்பவருக்காக. பாயில் சாப்பிட்டு, பாயில் படுத்து, தரையில் உட்கார்ந்து கணக்கு எழுதிய வீடுகள் அவை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகமில்லை, என் அம்மா. அப்பா தவறிய பிறகு அவர் படத்தைப் பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு, ஃப்ளாட்டின் ஹாலில் நான்தான் மாட்டினேன். டிரில், ராவல் பிளக், ரசமட்டம் என்று சகல மரியாதையுடன். ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை. ஒரு வாரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னார்: "நல்லாத்தான்டா மாட்டியிருக்க. ஆனா உங்கப்பா மூஞ்சில லைட்டுதான்டா எரியுது."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உண்மை. அப்புறம் கணக்குப் போட்டேன் (இன்ஜினியர் புத்தி). படத்தின் நடு 7 அடி உயரத்தில். தரையில் உட்கார்ந்த அம்மாவின் கண் இரண்டரை அடியில், சுவரிலிருந்து 7 அடி தள்ளி. பார்வை சுமார் 33 டிகிரி மேல்நோக்கிப் போகிறது. கண்ணாடி செங்குத்தாக இருப்பதால் அதே 33 டிகிரியில் மேலே திரும்பி, 10 அடி உயரக் கூரையைச் சுவரிலிருந்து நாலே முக்கால் அடியில் தொடுகிறது. 10 அடி அகல ஹாலின் கிட்டத்தட்ட நடு அது. எல்.ஈ.டி. பேனல் அங்கேதான் இருக்கிறது! கண்ணாடி 1 டிகிரி சாய்ந்தால் பிரதிபலிப்பு 2 டிகிரி இறங்கும். ஆக 10 டிகிரி சாய்த்தால் போதும், லைட் விலகி எதிர்ச்சுவரின் வெறும் மேல்பகுதிதான் கண்ணாடியில் விழும். இரண்டடி உயரப் படத்துக்கு, மேல்விளிம்பு நாலு அங்குலம் முன்னால் வரவேண்டும். நின்றுகொண்டு மாட்டியவனுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

'இது நம்ம ஊர் ஞானம்' என்று மார்தட்டவும் வழியில்லை. சாமுவேல் மோர்ஸ் (தந்தி மோர்ஸேதான், அடிப்படையில் ஓவியர்) 1831–33இல் வரைந்த லூவர் அரங்க ஓவியத்தில் சுவர் முழுக்க ஃப்ரேமோடு ஃப்ரேம் ஒட்டி ஓவியங்கள். மேலே மாட்டிய பெரிய ஓவியங்களைப் பார்ப்பவருக்கு வாகாக முன்னால் சாய்ப்பது அன்றைய வழக்கம். 1976இல் வெளிவந்த 'வெள்ளைக் கனசதுரத்துக்குள்' கட்டுரைகளில் பிரையன் ஓ'டோஹர்டி இந்த ஓவியத்தையும் அந்தச் சாய்வையும் குறித்திருக்கிறார். பிறகு நவீன ம்யூசியங்கள் படங்களைக் கண்மட்டத்துக்கு இறக்கி, ஒற்றை வரிசையாக்கி, சுவரோடு ஒட்டின. அங்கே அது சரி. பார்ப்பவர் நிற்கிறார், படம் அவர் முகத்துக்கு நேரே இருக்கிறது, சாய்வுக்கு வேலையே இல்லை.

அப்படியானால் படத்தைக் கீழே இறக்கி நேராக மாட்டலாம், இல்லை மேலேயே விட்டுச் சாய்த்து மாட்டலாம். இரண்டுமே நேர்மையான தீர்வுகள். விடுதிக்காரர்கள் செய்தது உயரத்தை ஒரு மரபிலிருந்தும் கோணத்தை இன்னொரு மரபிலிருந்தும் எடுத்து ஒட்டியது. விளைவு: நிற்பவருக்கும் தெரியாது, உட்கார்ந்தவருக்கும் தெரியாது. அந்த வீட்டுக் கிழவர்கள் வெறும் சுவர் அலங்காரமாகிவிட்டார்கள்.

சாய்வுக்கு வேறு பயன்களும் இருந்தன. மாலை போட்டால் சரம் கண்ணாடியைத் தொடாமல் தூக்குக்குண்டு மாதிரி தனியாகத் தொங்கும். நேராக மாட்டிய படத்தில் ஈரப்பூ கண்ணாடிமேலேயே கிடந்து, தண்ணீர் கீழ்ச்சட்டத்தில் இறங்கி, போட்டோவின் அடியில் பூஞ்சை பிடிக்கிறது. பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து சேர்க்கிறவன் என்ற முறையில், கீழ் ஓரம் அரித்த படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். சுவரின் ஓதம் நேரே ஏறாமல் காற்றுப் போகவும் பின்னால் இடம் கிடைத்தது. அந்த இடுக்கில்தான் சிட்டுக்குருவி கூடு கட்டியது, பல்லி குடித்தனம் நடத்தியது, நிலவரி ரசீதும் ஜாதகமும் பத்திரமாக இருந்தன. சாய்வு தூசி சேர்க்கும் என்பார்கள். சேர்க்கத்தான் செய்யும், ஆனால் முதுகில். முகத்தில் குறைவு.

எங்கள் ஹாலில் இப்போது ஒரு துண்டு ரீப்பர், ஒரு நைலான் கயிறு. டைல்ஸும் ஃபால்ஸ் சீலிங்குமாக இருக்கும் ஹாலுக்கு அது பொருந்தவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். நியாயம்தான், பொருந்தவில்லை. போன ஞாயிறு கயிற்றை இன்னும் அரை அங்குலம் நீட்டச் சொன்னார் அம்மா. படத்தை இறக்கியபோது பின்னாலிருந்து அவருடைய பென்ஷன் புத்தகம் விழுந்தது.