வெற்றிப் போதகர்களும் அறிவிப்பாளர் ஆய்வும்

நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகளில் வெள்ளியின் மீது தங்கம் போர்த்திச் செந்நிறக் கற்களைப் பதிக்கும் வழக்கம் உண்டு. உள்ளிருப்பது வெள்ளி என்பதை விற்பவரும் வாங்குபவரும் அறிந்திருக்கும்வரை அதில் வஞ்சனை இல்லை. முழுத் தங்கமென்று சொல்லி விற்றால் அது வஞ்சனை. விற்பனைத் திறனும் தன்னம்பிக்கையும் போதிக்கும் பிரபலங்களை மதிப்பிடவும் இவ்வளவுகோல் நமக்கு உதவும்.

தமிழிலும் பெயர்க்கப்பட்டுப் பரவலாக வாசிக்கப்படும் ராபர்ட் கியோசாகியின் ‘ரிச் டாட் புவர் டாட்’ 1997இல் வெளிவந்தது. கல்வி கற்றும் செல்வம் சேராத தம் தந்தையையும், செல்வந்தரான நண்பனின் தந்தையையும் ஒப்பிட்டு, பின்னவரிடம் கேட்ட பாடங்களாக ஆசிரியர் இந்நூலைத் தருகிறார். வருவாய் ஈட்டித் தருவது எது, செலவை இழுப்பது எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லும் பகுதி பயனுடையதே. ஆயினும், பாடங்களின் மூலவரான அச்செல்வந்தரின் பெயர் நூலில் இல்லை. அவர் உண்மையில் வாழ்ந்தவரா என்ற கேள்விக்கு ஆசிரியர் நெடுங்காலம் நேரிய விடை தரவில்லை. மறைந்துவிட்ட ஒருவரின் பெயர் மிகப் பிற்காலத்தில்தான் சொல்லப்பட்டது.

பெயர் கூறப்படாத அறிவிப்பாளரை ஹதீஸ் கலை ‘முப்ஹம்’ என்கிறது. அவர் இன்னாரென அறியப்படாதவரை அச்செய்தி பலவீனமானதே. வணிக நூலை ஹதீஸின் தராசில் நிறுக்கலாமா எனச் சிலர் வினவக்கூடும். கணக்கையும் சான்றையும் விடுத்து, ‘நான் கேட்டேன், செல்வந்தன் ஆனேன்’ என்னும் சாட்சியத்தின் மீதே ஒரு நூல் நிற்குமாயின், சாட்சியை ஆராய்வதன்றி வேறு வழியில்லை.

அடுத்து, ஆதாயம். வலைப்பின்னல் வணிகத்தைப் புகழ்ந்து கியோசாகி தனியே ஒரு நூல் எழுதினார். அவருடைய நூல்களைப் பரப்பியவர்களில் அவ்வணிகத்தில் ஈடுபட்டோரும் இருந்தனர். 2012இல் அவரது நிறுவனங்களுள் ஒன்று திவால் மனு அளித்தது. சொற்பொழிவு வருமானத்தில் தனக்குரிய பங்கைக் கோரி மற்றொரு நிறுவனம் தொடுத்த வழக்கில், ஏறத்தாழ 2 கோடியே 37 லட்சம் டாலர் வழங்குமாறு தீர்ப்பானதே காரணம். அவர் சொந்த முறையில் திவாலாகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனினும், செல்வத்தின் பெரும்பகுதி போதித்த வழியில் வந்ததா, போதித்ததனால் வந்ததா என்ற வினாவை அவ்வழக்கு எழுப்பிவிட்டது.

இவ்வினா வெறும் நூல் விமர்சனம் அன்று. ஆட்களைச் சேர்ப்பதையே வருவாயாக்கும் பிரமிடு திட்டங்களை இந்திய அரசின் 2021 நேரடி விற்பனை விதிகள் தடைசெய்தன. 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை, பிரமிடு மோசடி எனக் குற்றஞ்சாட்டி, ஆம்வே இந்தியாவின் 757.77 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை முடக்கியது. குற்றச்சாட்டு தீர்ப்பாகாது. ஆயினும் மேடைப் பேச்சில் மயங்கும் இளைஞன் முதலில் நாடுவது தன் மச்சானையும் மஹல்லாத் தோழரையும்தான். பணம் போனால் ஈட்டிவிடலாம். அவர்கள் வைத்த நம்பிக்கை போனால் மீளாது.

பக்தாதின் இமாம் இப்னுல் ஜவ்ஸி (ஹிஜ்ரி 597இல் மறைந்தவர்) கதைசொல்லிகளையும் உபதேசிகளையும் பற்றித் தனி நூலே இயற்றினார். அவரே திரளான மக்களை ஈர்த்த சொற்பொழிவாளர். உபதேசத்தை அவர் மறுக்கவில்லை. உபதேசத்தின் போர்வையில் புனைவு பரவுவதையே கண்டித்தார். நாமும் ஊக்க உரையை வெறுக்க வேண்டியதில்லை. யாரிடமிருந்து கேட்டார், கேட்போரால் அவருக்கு என்ன ஆதாயம், அவர் வழி நடந்து தோற்றோர் எங்கே என்னும் மூன்று கேள்விகளைக் கட்டணம் செலுத்துமுன் கேட்போமாக.