கதையும் கஷாயமும்

நாவல் படித்தால் பரிவு வளரும், மன அழுத்தம் குறையும், ஆளுமை மேம்படும் என்று இப்போது சொல்லாதவர் இல்லை. பள்ளி ஆண்டு விழா மேடையில் சொல்கிறார்கள், கம்பெனிப் பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். கதைப் புத்தகத்தைக் கஷாயம்போல மூக்கைப் பிடித்து ஊற்றுகிறார்கள். கதைக்குப் பரிந்து பேசுகிறவர்களோடு சண்டை போடுவது நன்றிகெட்ட வேலைதான். ஆனாலும் போட வேண்டியிருக்கிறது. தமிழ் நாவலின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் வாசகரை வளர்த்தது சுவை. பயன் பெரும்பாலும் முன்னுரையோடு நின்றுவிட்டது.

இந்தப் பேச்சுக்கு அறிவியல் சாட்சியும் கூப்பிடுகிறார்கள். 2013-இல் 'சயின்ஸ்' இதழில் கிட், கஸ்டானோ என்ற இருவர் எழுதிய கட்டுரை உலகெங்கும் பரவியது. இலக்கியத் தரமான புனைவைக் கொஞ்சம் படித்த உடனேயே பிறர் மனதை அறியும் திறன் கூடுகிறது என்றது அது. 2018-இல் வேறு ஆய்வாளர்கள் புகழ்பெற்ற 21 சோதனைகளை மறுபடி செய்து பார்த்தார்கள். அதில் இதுவும் ஒன்று. அந்த விளைவு கிடைக்கவில்லை. இதைப் புனைவின் தோல்வியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். யாரோ கையில் திணித்த சில பக்கங்களைச் சில நிமிடத்தில் முடித்து, உடனே பரீட்சை எழுதுவதற்கு வாசிப்பு என்று பெயரில்லை.

மக்கள் கதை கேட்டது எதற்கு என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. திருப்பாச்சூர் வாசீசுவரர் கோயிலின் தலபுராணத்தில், குறும்பர் தலைவன் ஒருவன் கரிகால் சோழனுக்குக் குடத்தில் பாம்பை அடைத்து அனுப்புகிறான். சிவன் பாம்பாட்டியாக வந்து அதைப் பிடிக்கிறார். தலைமுறை தலைமுறையாக இதைக் கேட்டவர்கள், குடத்தைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். பக்தி பின்னால் வந்தது.

நாவல் இந்த வெளிப்படையான ஆசையைக் கூச்சத்தோடுதான் ஏற்றது. 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை அச்சிட்ட வேதநாயகம் பிள்ளை நீதிபோதனையைக் காரணமாகக் காட்டினார். நம் நினைவில் நிற்பதோ அவருடைய வேடிக்கைக் கதைகள்தாம். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' வேதாந்தத்தில் போய் முடிகிறது. நாம் திரும்பத் திரும்பப் போவது அதன் ஊர்வம்புக்கு. மாதவையாவுக்குச் சீர்திருத்தம் இருந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும்தான் வாசகர் எதற்கு வருகிறார் என்று தெரிந்து கடை விரித்தவர்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை, இலக்கிய வரலாறுகளில் ஆளுக்கு அரைப் பத்தி.

அந்த அரைப் பத்தியும் ஏளனத்தோடு கிடைத்தவர் வை.மு.கோதைநாயகி அம்மாள். 1901-இல் பிறந்தவர். ஐந்து வயதைத் தாண்டியதும் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை 1925-இல் வாங்கி, திருவல்லிக்கேணியிலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். ஒன்று, 'அநாதைப் பெண்', 1938-இல் சினிமாவாக வந்தது. விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார்.

அவர் நாவல்களில் தற்செயல்கள் அதிகம், உபதேசமும் அதிகம். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாவல் படிக்கும் பெண் கெட்டுப்போவாள் என்று வீட்டுப் பெரியவர்களும் பத்திரிகைகளும் எச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆ.இரா.வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் அந்தக் காலத்தை விரிவாக எழுதியிருக்கிறார். ஒருவர் உரக்கப் படிக்க வீடே கேட்ட பழக்கம் மாறி, தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படிப்பது நடுத்தர வீடுகளில் ஏறிய காலமும் அதுவே. கூட்டுக்குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிய மாற்றம். அதைக் கொடுத்தது அடுத்த மாதத் தொடர். ஆளுமை வளர்ச்சி என்று பேசுகிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்திலிருந்து கணக்கைத் தொடங்கட்டும். எழுதப் படிக்கத் தட்டுத்தடுமாறியவர்களைப் புத்தகத்தின் பக்கம் இழுத்ததில் 'ஜகன்மோகினி'க்கு உள்ள பங்கு, உன்னத இதழ்கள் எதற்கும் கிடையாது.

'மணிக்கொடி' இதழைச் சுற்றி எழுதியவர்கள் வேறு திசையில் போனார்கள். புதுமைப்பித்தன் இல்லாத தமிழை யாராலும் எண்ணிப் பார்க்க முடியாது. அவர்கள் வழியில் வந்த க.நா.சு. அயல்நாட்டு எழுத்தாளர்களான ஹாம்சனையும் லாகர்லெவையும் 'நிலவளம்', 'மதகுரு' என்று தமிழுக்குக் கொண்டுவந்ததும், ரசனையையே விமரிசனத்தின் அடிப்படை ஆக்கியதும் பெரும் கொடை. துயரம் என்னவென்றால், அவருக்குப் பின் வந்தவர்கள் ரசனையை விட்டுவிட்டு அவர் போட்ட நாவல் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பட்டியல் பாடத்திட்டம் ஆயிற்று. இன்ன நாவலைப் படித்தவர் வளர்ந்தவர், கல்கியில் நின்றவர் வளராதவர்.

பயன் பேசுகிறவர்கள், பட்டியல் போடுகிறவர்கள் என்ற இரு தரப்புக்குமே ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பதில் வைத்திருக்கிறது. தன் வாழ்வின் ஓர் இரவை எவரோ ஒருவர் பத்திரிகையில் கதையாக எழுதியிருப்பதை அதன் நாயகி கங்கா படிக்கிறாள். அதனால் அவள் வாழ்க்கை சீராகவில்லை, கலைந்துதான் போகிறது. கதை ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதை ஜெயகாந்தன் அறிந்திருந்தார். பயன் பேசுகிறவர்கள் அந்த நாவலின் கடைசிப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

எனக்கு மிகப் பிடித்த காலம் அதற்குப் பின் வந்த எழுபதுகளும் எண்பதுகளும். வாரத் தொடரும் மாத நாவலும் கொழித்த காலம். சுஜாதா, ராஜேஷ்குமார், ரமணிசந்திரன், பாலகுமாரன். திருவள்ளூர் மின்சார ரயிலில் காக்களூர், அம்பத்தூர்ப் பட்டறைகளுக்குப் போனவர்கள் கையில் இருந்தது இவர்கள்தாம். பாலகுமாரன் டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். 'மெர்க்குரிப் பூக்கள்' தொழிற்சாலை வேலைநிறுத்தத்தைச் சுற்றி எழுந்தது. 'இரும்பு குதிரைகள்' லாரி உலகத்தினுடையது. பிற்காலத்தில் அவர் பிரசங்கியானார், உண்மைதான். ஆனாலும் கேட்டையும் ஷிப்டையும் லோடு ஏற்றுவதையும் அறிந்த ஒரு வாசகன், தன்னைக் கதாநாயகனாகப் பார்த்தது அங்கேதான். ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்', ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' போன்றவை உழைப்பாளிகளைப் பற்றி எழுதப்பட்ட நேர்மையான நாவல்கள். பாலகுமாரனை அந்த உழைப்பாளிகளே வாங்கிப் படித்தார்கள். இந்த வித்தியாசத்தை முற்போக்கு விமரிசனம் ஒருநாளும் கணக்கில் எடுக்கவில்லை.

வாசகர் வளர்வது எப்படி என்பதற்கும் இங்கேதான் விடை. பத்துத் துப்பறியும் நாவல் படித்தவருக்குப் பதினொன்றாவதில் கொலையாளி மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறான். அலுப்பு வருகிறது. அந்த அலுப்புதான் வளர்ச்சி. அது அவரைச் சுஜாதாவுக்கும், அங்கிருந்து அசோகமித்திரனுக்கும் அனுப்புகிறது. எல்லோரும் போவதில்லை. போகாதவர்களும் இழந்தவர்கள் அல்லர், மகிழ்ந்தவர்கள். ஆனால் அசோகமித்திரனிடம் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வழியாகத்தான் வந்தார்கள். தொடக்கத்திலேயே கஷாயம் குடித்தவர்களுக்கு அலுப்பு வராது, வெறுப்புதான் வரும்.

இன்று வாரப் பத்திரிகைத் தொடர்கள் மெலிந்துவிட்டன. பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல் தொங்கிய கயிறு காலியாகிவிட்டது. தொடர் செத்துவிட்டதா என்றால் இல்லை. 'பிரதிலிபி' போன்ற தளங்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தொடர் எழுதுகிறார்கள், அதைவிடப் பெருங்கூட்டம் படிக்கிறது. தீவிர இதழ்களின் ஆண்டறிக்கைகளில் அவர்கள் பெயரே வருவதில்லை. வை.மு.கோ.வுக்கு நடந்ததுதான் இவர்களுக்கும் நடக்கிறது. அந்த எழுத்திலும் பாதிக்குமேல் சக்கை. எந்தக் காலத்துத் தொடர்கதையில் சக்கை குறைவாக இருந்தது?

என் குறை வேறு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் பையனுக்கு, கம்பெனி பஸ்ஸில் விடியற்காலை ஏறும் பெண்ணுக்கு, வரிக்கு வரி விறுவிறுப்பாக ஒரு கதை இன்று யார் எழுதுகிறார்கள்? பீகாரியும் ஒடியாக்காரரும் தமிழரும் ஒரே அறையில் தங்கும் அந்த உலகத்தில் கொலையும் காதலும் ஏமாற்றும் குறைவா? திறமையுள்ள இளைஞர்கள் பரிசுக்குரிய நாவல் எழுதப் போய்விடுகிறார்கள். தொடர்கதை எழுதுவது இழிவு என்று அவர்களுக்கு நாம்தான் சொல்லிக் கொடுத்தோம்.

நூலகங்களுக்கும் இதில் பங்குண்டு. சுதந்திர இந்தியாவில் முதலில், 1948-இல், பொது நூலகச் சட்டம் போட்டது அன்றைய சென்னை மாகாணம். அதற்காக உழைத்த எஸ்.ஆர்.ரங்கநாதன் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் வேண்டும் என்பதை விதியாகவே வகுத்தார். வாசகருக்கு நல்லது என்று பிறர் நினைக்கும் புத்தகம் என்று அவர் சொல்லவில்லை. திருப்பாச்சூர் போன்ற ஊர்களின் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும்போது தன்னம்பிக்கை நூல்களைப் பாதியாகக் குறைத்து, அந்தப் பணத்தில் துப்பறியும் கதையும் குடும்ப நாவலும் பேய்க்கதையும் சரித்திரக் கதையும் வாங்கலாம். எது உயர்ந்தது என்ற சண்டையைப் படிக்கத் தொடங்கியவர்கள் பிறகு தாங்களே போட்டுக்கொள்வார்கள். அந்தச் சண்டைக்கு ஆள் சேர்ப்பதுதான் இப்போதைய வேலை.