சராசரியின் சொல்

உரையாடும் யந்திரங்கள் கற்பனையை விரிக்குமா, ஒடுக்குமா என்ற கேள்விக்கு ஒரே பரிசோதனையில் இரண்டு பதில்களும் கிடைத்திருக்கின்றன. அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் இருவரும் 2024இல் ‘சயன்ஸ் அட்வான்ஸஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. ஏறத்தாழ 300 பேர் எட்டு வாக்கியக் கதை எழுதினார்கள். சிலருக்கு யந்திரம் கரு கொடுத்தது, சிலருக்கு இல்லை. கரு பெற்றவர்களின் கதைகள் மேலானவை என்று படித்தவர்கள் மதிப்பிட்டார்கள். கற்பனை வளம் குறைந்தவர்களுக்கே அதிக லாபம். ஆனால் அக்கதைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, மற்றவற்றைவிட அவை ஒன்றையொன்று ஒத்திருந்தன.

இது தற்செயல் அல்ல. முன்வந்த சொற்களைக் கொண்டு அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிப்பதுதான் இந்த யந்திரத்தின் அடிப்படைக் காரியம். ‘வெப்பநிலை’ என்று ஒரு திருகு உண்டு. அதை ஏற்றினால் அரிய சொற்களும் வரும். ஆனால் அரிய சொல் வேறு, அவசியமான சொல் வேறு. அந்த வித்தியாசம் தெரிந்தவன் திருகுக்கு இந்தப் பக்கம் இருக்கிறான்.

தமிழில் நிலைமை இன்னும் மோசம். யந்திரம் படித்தவற்றில் தமிழ் மிகச் சொற்பம். காங்கேயம் காளையைப் பற்றிக் கவிதை கேட்டேன். திமில், வீரம், மண்ணின் பெருமை என்று வந்தது. கொறங்காடு இல்லை, கிளுவை வேலி இல்லை, கொழுக்கட்டைப்புல் இல்லை. அவற்றைச் சொல்லிக் கொடுத்துத் திரும்பக் கேட்டால் பெயர்கள் வந்தன. மாடு மேயவில்லை.

இதை வைத்து யந்திரத்தைத் தூற்றுவது சௌகரியமான காரியம். 1971இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ வந்தது. அதன் வழியில் எழுதிய பலர் விடியலையும் நெருப்பையும் ஒரே குரலில் உரக்கச் சொன்னார்கள். அதைப் பரிகசித்த நம் தரப்பிலோ தனிமை, மௌனம், இருட்டு, ஜன்னல் என்று இன்னொரு சராசரி உருவாயிற்று. எந்த யந்திரமும் இதற்கு உதவவில்லை. யந்திரம் நம்மிடமிருந்து கற்றது அதைத்தான்.

எழுதுகிறவனுக்கு வெளியிலிருந்து தூண்டுதல் வரக்கூடாது என்பதில்லை. துறைமங்கலம் சிவப்பிரகாசர் உதடு ஒட்டாத எழுத்துக்களைக் கொண்டே திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். பிரான்சில் ஜார்ஜ் பெரெக் 1969இல் ‘இ’ என்ற எழுத்தே வராமல் ஒரு முழு நாவல் எழுதினார். இரண்டிலும் வெளியிலிருந்து வந்தது ஒரு தடை மட்டுமே. பழகிய சொல் தடுக்கப்பட்டதால் மனம் பழகாத வழியில் போக வேண்டியதாயிற்று. யந்திரம் நேர்மாறாகப் பழகிய வழியைப் பெருக்கி வைக்கிறது. கற்பனைக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு கற்பனையின் சிரமத்தை எடுத்துவிடுகிறது.

ஆகவே, எப்போது கேட்கிறோம், எதைக் கேட்கிறோம் என்பவைதான் விஷயம். எழுதுவதற்கு முன் கருவைக் கேட்பவன் எல்லோருக்கும் கிடைக்கும் கருவைப் பெறுகிறான். எழுதி முடித்த பிறகு, இந்த வரிக்கு எவரும் எதிர்பார்க்கக்கூடிய பத்து முடிவுகளைக் கொடு என்று கேட்கலாம். தன் வரி அந்தப் பத்தில் ஒன்றாக இருந்தால் யோசிக்கலாம். என் கருத்துக்கு எதிராக வாதாடு என்றும் கேட்கலாம். தேய்வழக்குக்கு இவ்வளவு முழுமையான அகராதி இதற்கு முன் நமக்கு இருந்ததில்லை. ஆனால் அகராதியைப் பார்த்து ஒவ்வொன்றையும் தவிர்ப்பதே கவிதை என்று எண்ணினால், அதுவும் சராசரிக்கு அடிமைப்படுவதுதான். சமயத்தில் மிகச் சாதாரணமான சொல்லே நிஜமான சொல்லாக இருக்கும். அதைத் தீர்மானிப்பது அனுபவம். அதை யாரிடமும் கேட்டுப் பெற முடியாது.

சிறுபத்திரிகைக்கு இது சொந்தக் கவலையாக வேண்டும். நாம் சிலர்தான் எழுதுகிறோம், ஏறக்குறைய அதே சிலர்தான் படிக்கிறோம். நம்மிடம் இருப்பதெல்லாம் ஒருவர் மற்றவரைப் போல எழுதாதது மட்டும். எல்லோரும் ஒரே இடத்தில் யோசனை கேட்டால் எந்தக் கவிஞனுக்கும் நஷ்டம் தெரியாது. ஒவ்வொரு கவிதையும் முன்னைவிடத் தேறியிருக்கும். இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பவனுக்குத்தான் தெரியும்.