நாலாம் நாள் டிஸ்சார்ஜ்

குடலில் அறுவை முடிந்த நாலைந்து நாளில் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது இன்று சென்னையில் மருத்துவத் திறமைக்கு அடையாளமாகச் சொல்லப்படுகிறது. டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களில் வகுத்த விரைவு மீட்பு முறையின் பலன் இது. நாள்கணக்கில் பட்டினி, மூக்கில் குழாய், அசையாத படுக்கை என்ற பழைய கொடுமைகள் குறைந்தன. மருத்துவமனைக் கிருமிகளுக்கும் பில்லுக்கும் ஓரளவு தப்பலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முறை தொடங்குவதே, அறுவைக்கு முன் நோயாளியை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்குவதில்தான். நாம் நாள்கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டோம்.

ஐந்தாம் நாள் முதல் நடப்பதெல்லாம் வீட்டில் நடக்கிறது. கையில் இருப்பது ஆங்கிலத்தில் ஒரு டிஸ்சார்ஜ் தாள். மாத்திரைப் பெயருக்கு எதிரே 1-0-1. மருந்துக் கடையில் ஐந்து நாளைக்கு வேண்டியதைக் கத்தரியால் அட்டையிலிருந்து வெட்டிக் கொடுப்பார்கள். விவரத் தாள் பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடும். டிராமடால் வலியைத் தணிக்கும், குமட்டலையும் மலச்சிக்கலையும் தரும். குமட்டலுக்கு ஆன்டான்செட்ரான், அதுவும் மலத்தைக் கட்டும். அப்புறம் லாக்டுலோஸ் சிரப். அது வயிற்றை உப்பவைக்கும். இப்போது உப்புவது சிரப்பாலா, தையல் கசிவதாலா? இரும்புச் சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், பயமில்லை. தார்போல் ஒட்டி, பளபளத்து, நாற்றமெடுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே ஓட வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு வரி போதும். லோபரமைடு இன்னும் விபரீதம். சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்து பை மாட்டியிருப்பவருக்கு, போக்கு மிஞ்சினால் சாப்பாட்டுக்கு முன் போடவேண்டிய மருந்தே அதுதான். ஆன்டிபயாட்டிக்கால் கிருமி மிஞ்சிப் பேதியாகிறவருக்கோ அதே மாத்திரை ஆபத்து. இரண்டு பேருக்கும் கடையில் அது வெறும் ‘பேதி நிற்கும் மாத்திரை’.

பக்கவிளைவைச் சொன்னால் நோயாளி பயந்து மருந்தை நிறுத்திவிடுவார் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். கேட்டதாலேயே குமட்டல் வருகிறவர்கள் உண்டு, உண்மைதான். சொல்லாவிட்டாலும் நிறுத்தத்தானே செய்கிறார்கள்? மெட்ரோனிடசோல் நாக்கில் ஏற்றும் உலோகக் கசப்பில் ரசம் சாதம்கூட இறங்காது. மூன்றாம் நாளே மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். காரணம் கேட்டால் ‘இங்கிலீஷ் மருந்து சூடு’ என்று பதில் வரும். வாய் வறட்சி, நாக்குப் புண், நீர்க்கடுப்பு, மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். மருத்துவருக்கு அது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அது புகார்ப் பட்டியலாகத்தான் தெரிகிறது. அதைக் காதில் வாங்கி, எந்தச் சூடு என்று கேட்க ஆளில்லாததால் வைத்தியமும் வீட்டிலேயே நடக்கிறது: இளநீர், மோர், நிறையத் தண்ணீர். சிறுகுடல் பைக்காரருக்குப் போக்கு மிஞ்சியிருக்கும்போது சோடியம் குறைந்த இளநீரும் வெறும் தண்ணீரும் இழப்பைக் கூட்டத்தான் செய்யும்; வேண்டியது ஓஆர்எஸ் கரைசல். அன்போடு ஊற்றிக் கொடுப்பவர்மேல் இதில் என்ன குற்றம்?

மருத்துவருக்கு நேரமில்லை என்பார்கள். சரி, அவர் விளக்க வேண்டாம். 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் தொழில்முறை விதிகள் அந்த வேலையை மருந்தாளுநரிடம் ஒப்படைத்துவிட்டன. கவுன்டரில் நாலு பேர் செல்போனில் சீட்டின் படத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்போது எங்கே விளக்குவது என்று அவரும் கேட்பார். ஆக, யாருக்கும் நேரமில்லை. நோயாளிக்கு மட்டும் ராத்திரி முழுக்க நேரமிருக்கிறது. 2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வாசல்வரை வந்து தமிழில் பேசுகிறது; வயிற்றில் தையலோடு இருப்பவரிடம் ஏன் பேசக்கூடாது? மருந்தீசுவரர் அகத்தியருக்கு மூலிகைகளின் குணத்தைச் சொல்லித்தந்த தலம் என்பது திருவான்மியூரின் தலபுராணம். புராணத்திலேயே மருந்தின் குணம் வாய்விட்டுச் சொல்லப்பட்டிருக்கிறது. அதே ஊரின் கடைத்தெருவில் மாத்திரையைப் போட்டுத் தரும் காகிதக் கவரில் காலை, மதியம், இரவு என்று தமிழில் அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். கவரின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.