பின்சக்கரம் சொல்வது

பவானிசாகரில் புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கி.மீ. ஓடுகிறது. அதன் கரைமேல் செல்லும் மண்பாதையில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டினால் நிலம் நான்கைந்து முறை மாறிவிடும். வயலை ஒட்டி மெத்தென்ற வண்டல், கொஞ்சம் தள்ளிச் செம்மண்ணில் டிராக்டர் பதித்துப்போன இரட்டைத் தடம், மதகு ஓரத்தில் கொட்டிக் கிடக்கும் சரளை, மேட்டில் உருட்டுக் கற்கள். ஓட்டுவது ஹார்ட்டெயிலாக இருந்தால் இந்த மாற்றத்தைக் கண் பார்த்துச் சொல்வதற்குள் பாதமும் இடுப்பும் சொல்லிவிடும்.

முன்னால் மட்டும் அமுங்கும் ஃபோர்க். பின்னால் சஸ்பென்ஷன் என்று எதுவும் கிடையாது. ஹார்ட்டெயில் மவுண்டன் பைக் என்றால் இவ்வளவுதான். கிராஸ்-கன்ட்ரி வகையில் ஃபோர்க் பெரும்பாலும் 100 மி.மீ. அமுங்கும். பின்பாதி முழுவதும் வெல்டிங்கில் இறுகிய முக்கோணம். மிதித்த மிதி வழியில் எங்கும் கரையாமல் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. சக்கரம் தொட்டதும் அதே வழியில் திரும்பி வருகிறது. எனக்கு இந்த வண்டி பிடித்துப்போனதற்குக் காரணம் அந்தத் திரும்பி வரும் சேதிதான். ஆகவே எந்தப் பாகத்தை மாற்ற நினைத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இது நிலத்தை இன்னும் தெளிவாகக் கொண்டுவந்து தருமா, மூடி மறைக்குமா?

பாகத்தை மாற்றும் ஆசை இந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மரின் கவுன்ட்டியில் 1970களில் சில இளைஞர்கள், போருக்கு முந்தைய காலத்து ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி மலையிறக்கத்தில் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக் அது. இறக்கத்தின் அடிவாரம் வருவதற்குள் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் வெந்து புகையாகிவிடும்; மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் விழுந்தது. 1976 அக்டோபர் 21 அன்று சார்லி கெல்லி முன்னின்று அங்கே முதல் பந்தயம் நடத்தினார். பிறகு அந்த இறக்கத்தை கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 நொடியில் கடந்தது சாதனையாக நிற்கிறது. பிரேக்கைப் பிடுங்கி மோட்டார் சைக்கிள் லீவர் வைத்தார்கள், கியர் பூட்டினார்கள், ஹேண்டில்பாரை மாற்றினார்கள். மாற்ற மாற்ற, மிச்சமிருந்த பழைய சட்டம்தான் தாங்கவில்லை. 1977இல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே புதிதாகச் சட்டம் பற்றவைத்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்ததும் கடையில் போய் வாங்கும் பொருளாகவே ஆகிவிட்டது. ஆக, முதல் மவுண்டன் பைக் பாகம் பாகமாக மாற்றி மாற்றி உருவான வண்டி.

பெய்ஜிங் ஒலிம்பிக்கின் மவுண்டன் பைக் போட்டியில், 2008இல், ஜூலியன் அப்சலோன் தங்கம் வென்றது 26 இஞ்ச் சக்கர ஹார்ட்டெயிலில். நான்கே ஆண்டில், லண்டனில், யாரொஸ்லாவ் குல்ஹாவி இரு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள 29 இஞ்ச் வண்டியில் வென்றார். இன்று உலகக் கோப்பைப் பாதைகளில் பாறை அதிகம், ஹார்ட்டெயில் குறைவு. பந்தயத்துக்கு அது சரியான முடிவுதான். ஆனால் வாய்க்கால் கரைக்கும் தோட்டத்துத் தடத்துக்கும் பின்சஸ்பென்ஷனும் அதன் பேரிங்குகளும் ஒன்றரைக் கிலோவுக்குமேல் கூடுதல் எடையும் தேவையில்லை. அதே பணத்தில் ஹார்ட்டெயிலின் மற்ற பாகங்கள் எல்லாமே ஒரு படி மேலானவையாகக் கிடைக்கும்.

மாற்ற நினைத்தால் முதலில் டயர். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. நடுத்தர விலை வண்டிகளோடு வரும் டயரின் விளிம்பில் இரும்புக் கம்பி இருக்கும். பக்கச்சுவர் தடித்து விறைத்திருக்கும். 29 இஞ்ச் அளவில் ஒன்று 800, 900 கிராம் எடை. அதைக் கழற்றிவிட்டு மடக்கி வைக்கக்கூடிய நல்ல கிராஸ்-கன்ட்ரி டயர் ஒன்றைப் போட்டால், உதாரணமாக மேக்ஸிஸ் ஐகான் அல்லது விட்டோரியா மெஸ்கால், 200 கிராம் அளவுக்குக் குறையும். எடை குறைவதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதன் துணியின் நெகிழ்வு. விரலால் பக்கச்சுவரை அழுத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். விறைத்த டயர் ஒரு கூழாங்கல்லின் மேல் ஏறும்போது வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்குகிறது. தூக்கிய ஒவ்வொரு முறையும் நாம் மிதித்த மிதியில் கொஞ்சம் வீணாகிறது. நெகிழ்ந்த டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு மேலே உருண்டு போகிறது.

காற்றழுத்தத்தின் கணக்கும் இதில்தான் இருக்கிறது. டயரைக் கல் மாதிரி அடித்துவைத்தால் வண்டி வேகமாகப் போகும் என்று நம்மில் பலரும் சின்ன வயதிலிருந்து நம்பி வந்திருக்கிறோம். தார்ச்சாலையில் அதில் ஓரளவு உண்மை உண்டு. சரளையில் அந்தக் கணக்கு தலைகீழ். 70 கிலோ எடையுள்ள ஒருவர், 2.25 இஞ்ச் அகல டயரில், டியூப் இல்லாமல் ஓட்டினால் முன்னே 20 முதல் 22 பிஎஸ்ஐ, பின்னே 23 முதல் 25 போதும். டியூப் இருந்தால் இவ்வளவு குறைக்க முடியாது. குழியில் இறங்கும்போது ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழுந்துவிடும்.

ஆகவே டியூப்லெஸ். கொங்கு நாட்டில் ஓட்டுகிறவருக்கு இதற்கு இன்னொரு காரணம் தடத்தோரமெங்கும் நிற்கும் சீமைக்கருவேலம். வெட்டிப்போட்ட அதன் கிளை காய்ந்தாலும் முள் கூர் மழுங்குவதில்லை. டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலண்ட் பெரும்பாலும் ரப்பர் பால்தான். 29 இஞ்ச் டயருக்கு 100 மி.லி. அளவு. முள்ளைப் பிடுங்கியதும் காற்றோடு வெள்ளையாகச் சீறும். ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிப் பிடித்தால், சீறல் குமிழியாகி, குமிழி ஈரப்புள்ளியாகி, அதோடு நின்றுவிடும். நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் உள்ளே உலர்ந்துவிடுவதால் மறுபடி ஊற்ற வேண்டும். ரிம் டியூப்லெஸுக்கு ஏற்றதா என்று பார்த்து, உள்பக்கம் காற்றுப் புகாத டேப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒரே மூச்சில் காற்றை ஏற்றினால், டயரின் விளிம்பு ரிம்மில் ‘டப்’ ‘டப்’ என்று போய் உட்காரும். சைக்கிள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த ஓசை அதுதான்.

டயரை மாற்றிய பிறகு சில மாதம் வேறு எதையும் தொடாமல் ஓட்டுவது நல்லது. வண்டி புதிதாக என்ன சொல்கிறது என்று பழக அவ்வளவு காலம் ஆகும். ஃபோர்க் உண்மையில் எங்கே தடுமாறுகிறது என்பதும் அப்போதுதான் பிடிபடும்.

விலை குறைந்த ஃபோர்க்கில் இரும்புச் சுருள் இருக்கும். மொத்தம் இரண்டரைக் கிலோவை ஒட்டிய எடை. ஓட்டுபவர் 55 கிலோவானாலும் 90 கிலோவானாலும் அதே சுருள்தான். காற்று ஃபோர்க் இந்த அநியாயத்தைத் தீர்க்கிறது. அதற்கென்று உள்ள சிறிய பம்பால் அவரவர் எடைக்கு ஏற்ற அழுத்தம் வைத்துக்கொள்ளலாம். ஃபோர்க் குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டு, வண்டிமேல் ஏறி ஓட்டும் நிலையில் அசையாமல் நின்று, மெல்ல இறங்கிப் பார்த்தால் வளையம் 15 முதல் 20 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். 100 மி.மீ. ஃபோர்க்குக்கு அதுதான் அளவு. இந்தச் சிறு அமுக்கம் இருந்தால்தான் சக்கரம் பள்ளத்துக்குள்ளும் இறங்கி நிலத்தைத் தொட்டபடியே வரும். ரீபவுண்டு திருகு, அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகத்தில் எழ வேண்டும் என்பதற்கு. சட்டென்று எழுந்தால் ஹேண்டில்பார் கையை உதைக்கும். மந்தமாக எழுந்தால் அடுத்தடுத்து வரும் கற்களில் ஃபோர்க் எழ நேரமில்லாமல் தாழ்ந்து தாழ்ந்து கடைசியில் கட்டையாகிவிடும்.

வாங்குவதற்கு முன் சட்டத்தின் தலைக்குழாயைப் பார்க்க வேண்டும். இன்றைய நல்ல ஃபோர்க்குகளின் தண்டு அடியில் ஒன்றரை இஞ்ச், மேலே ஒன்றேகால் இஞ்சுக்கும் குறைவு. பழைய சட்டங்களின் தலைக்குழாய் பல நேரம் மேலும் கீழும் ஒரே மெல்லிய அளவு. அதற்குள் இது நுழையாது. அச்சும் அப்படித்தான். முன்பு 9 மி.மீ. அச்சு, 100 மி.மீ. அகல ஹப், இப்போது 15 மி.மீ. அச்சு, 110 மி.மீ. அகலம். ஃபோர்க் மாற்றப் போய்ச் சக்கரமும் மாற்ற நேர்வது இதனால்தான். 100க்கான சட்டத்தில் 140 மி.மீ. ஃபோர்க்கைப் பூட்டும் ஆசையும் வேண்டாம். 20 மி.மீ. கூடினாலே தலைக்கோணம் சுமார் ஒரு பாகை சாய்கிறது. பெடல் உயர்ந்து, முன்சக்கரம் ஏற்றத்தில் அலைந்து, சட்டத்தின் வெல்டிங்கில் சுமை கூடும்.

ஃபோர்க்கை ஓட்டினால் மட்டும் போதாது, கழுவியும் தர வேண்டும். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றிப் பார்ப்பது வழக்கம். அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் கால் நழுவி வரும். உள்ளே ஊற்றியிருந்தது சில மில்லி எண்ணெய்தான். வெளியே வருவது கறுத்து, வெளிச்சத்தில் மணல் துகள் மினுங்கும். துடைத்து, புது எண்ணெய் விட்டுப் பூட்டி ஒருமுறை அமுக்கிப் பார்த்தால், நேற்றுவரை சிறு கற்களை மறைத்துக்கொண்டிருந்த ஃபோர்க் மறுபடி ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்லும்.

கியரைச் சுருக்கமாகவே சொல்லலாம். முன்னே மூன்று பல்சக்கரம், பின்னே எட்டு என்று வரும் வண்டியை முன்னே ஒன்றே ஒன்றாக மாற்றும்போது ஏற்றத்துக்குக் கியர் போதாமல் போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். கணக்குப் போட்டால் தயக்கம் தீரும். பழைய வண்டியில் முன் 22 பல், பின் 34 என்றால் ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் 0.65 சுற்று. புதியதில் முன் 32, பின் 51 என்றால் 0.63. ஏற்றம் இன்னும் இலகுவாகவே ஆகிறது. இழப்பது மேல்முனையில்: முன் 42, பின் 11 தந்த 3.8 சுற்று, முன் 32, பின் 11இல் 2.9 ஆகிறது. தார்ச்சாலையில் வேகம் பிடிப்பவருக்கு அது இழப்பு. மண்பாதையில் அந்தக் கியர் பெரும்பாலும் சும்மாதான் கிடந்தது. ஷிமானோ டியோர் 11 வேகக் கேசட்டின், அதாவது பின்பல்சக்கர அடுக்கின், சிறிய பல் 11 என்பதால் பழைய வகை ஃப்ரீஹப்பிலேயே ஏறும். 12 வேகத்தின் 10 பல்லுக்கு வேறு ஃப்ரீஹப் வேண்டும். எதைப் பூட்டினாலும் செயினை அளக்கும் பழக்கம் இருந்தால் கேசட் பிழைக்கும். புதுச் செயினில் 24 இடைவெளிகளின் நீளம் 304.8 மி.மீ. அது ஒன்றரை மி.மீ. கூடிவிட்டால் 11, 12 வேகச் செயினைக் கழற்றிவிடுவேன்.

பிரேக்கில் ஹைட்ராலிக் டிஸ்க்குக்கு மாறியவர் திரும்பப் போவதில்லை. ஒற்றை விரலால் பிடித்து, சக்கரம் வழுக்கும் நொடிக்குச் சற்று முன்பே தளர்த்த முடிகிறது. கார்பன் ஹேண்டில்பார், வண்ண போல்ட்டுகள், டைட்டானியம் திருகுகள் எல்லாம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் அந்தப் பணத்துக்கு நல்ல சக்கரம் கோர்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

சக்கரம் கோர்ப்பது கைவேலை. எங்கள் பக்கம் டவுன் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய கடையொன்றில் கோட்டம் எடுக்கும் பெரியவர், காலமெல்லாம் கேரியர் வைத்த கறுப்புச் சைக்கிளில் பழகியவர். டிஸ்க் ஹப் அவர் கைக்குப் பின்னால் வந்தது. புது ரிம்மைத் தாங்கியில் மாட்டி, ஆரக்கம்பிகளைக் கட்டைவிரலால் சுண்டிச் சுண்டிக் கேட்டார். இரு பக்கமும் ஒரே சுருதியில் வரவில்லையே என்று கேட்டேன்.

“வரக் கூடாது கண்ணு. கேசட்டு இருக்கற பக்கம் ஹப்பு உள்ளார தள்ளி இருக்குதுல்ல? அந்தப் பக்கத்துக் கம்பி எறுக்கமா நின்னாத்தான் ரிம்மு நடுவுல நிக்கும். ரெண்டையும் ஒண்ணா எறுக்கிப்போட்டா சக்கரம் ஒருபக்கமா ஒதுங்கிக்கும்.”

சாவியைக் கால் சுற்றுக்குமேல் அவர் ஒருபோதும் திருப்பவில்லை. திருப்புவார், சுழற்றுவார், ரிம்முக்கும் தாங்கியின் முனைக்கும் இடையே தெரியும் வெளிச்சக் கீற்றைப் பார்ப்பார், எதிர்ப்பக்கத்துக் கம்பியை அதே அளவு தளர்த்துவார். நடுநடுவே சக்கரத்தைப் படுக்கப்போட்டு இரு கையாலும் அழுத்துவார். முறுக்கிக்கொண்டிருக்கும் கம்பிகள் ‘கிணிங்’ என்று நிமிர்ந்துகொள்ளும். அதைச் செய்யாமல் தந்த சக்கரம் முதல் ஓட்டத்திலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டு கோட்டம் வாங்கும். அவர் கோர்த்துக் கொடுத்த பின்சக்கரத்தில்தான் ஹார்ட்டெயில் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. அதே டயர், அதே காற்று. ஆனால் வண்டலிலிருந்து செம்மண்ணுக்குள் ஏறும் கோடு பெடலில் துல்லியமாகத் தெரிந்தது.

ஹார்ட்டெயிலில் பின்டயர்தான் சீக்கிரம் தேயும். மிதியின் இழுப்பு முழுவதும் அதில், உடல் எடையில் பெரும்பங்கும் அதன் மேல், உதவிக்கு ஸ்பிரிங்கும் கிடையாது. நடுவரிக் கட்டைகள் பாதியாகத் தேய்ந்ததும் புது டயர் ஒன்றே ஒன்று வாங்கினால் போதும். புதியதை முன்னே போட்டுவிட்டு, இதுவரை முன்னே ஓடியதைப் பின்னே மாற்றிவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் இடுப்பை அசைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். முன்சக்கரம் வழுக்கினால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.